புதிர்க் கணக்குகள் போதிக்கும் பாடம்

 

கணக்குப் பாடம் என்றவுடன் முகம் வாடும் பிள்ளைகள், விடுகதை என்றவுடன் ஓடிவந்து சுற்றி அமர்கின்றனர். இரண்டிற்கும் வேண்டுவது ஒரே அறிவுதான் என்பதை அவர்கள் உணர்வதில்லை. விடுகதையை விரும்பும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று கூறுதல் பொருந்தாது. அவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக அமைந்தவையே புதிர்க் கணக்குகள். அவற்றை அணுகும் முறைகளைப் படிப்படியாக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். இதனைப் படிக்கும்போது கையில் ஒரு தாளும் பென்சிலும் இருத்தல் நலம்.

புதிர்க் கணக்கு என்பது யாது?

பாடநூலில் வரும் கணக்கிற்கு வழி முன்னரே காட்டப்பட்டிருக்கும். பெருக்கல் பாடத்தின் இறுதியில் வரும் கணக்கைப் பெருக்கித்தான் செய்ய வேண்டும் என்பதை எவரும் அறிவர். புதிர்க் கணக்கிலோ வழி மறைந்திருக்கும். கூட்டுவதா, கழிப்பதா, படம் வரைவதா என்பதை நாமே கண்டறிதல் வேண்டும். வழியைக் கண்டபின் விடை எளிதாகிவிடும்.

இக்கலை தமிழர்க்குப் புதிதன்று. விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்னும் பெயரால் குறிக்கின்றது. காரி நாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்னும் நூல், அளவைகளையும் வாய்பாடுகளையும் செய்யுள் வடிவில் கூறுவதோடு, வியப்பூட்டும் கணக்குகள் பலவற்றையும் கொண்டுள்ளது. பலாப்பழத்தை அறுக்காமலேயே அதிலுள்ள சுளைகளின் எண்ணிக்கையைக் கூறுவதற்கு அந்நூல் ஒரு விதி தருகின்றது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை கிடைக்கும் என்பது அவ்விதி. முட்கள் 50 எனின் சுளைகள் 60 ஆகும்.

இவ்விதி மெய்யா? நூலில் உள்ளது என்பதற்காக நம்பிவிடாதீர்கள்; நம்ப மறுத்தும் விடாதீர்கள். அடுத்த முறை வீட்டில் பலாப்பழம் அறுக்கும்போது முதலில் முட்களை எண்ணுங்கள். கணக்கிட்டு எழுதி வையுங்கள். பிறகு சுளைகளை எண்ணி ஒப்பிடுங்கள். "இது மெய்யென்று எவ்வாறு அறிந்தாய்?" என்னும் கேள்வியே எல்லாப் புதிர்களுக்கும் திறவுகோலாகும்.

முதற்படி: கூர்ந்து வாசித்தல்

புதிரில் தோற்பவருள் பெரும்பாலோர் கணக்குத் தெரியாமல் தோற்பதில்லை. வினாவைச் சரியாக வாசியாமல் தோற்கின்றனர். இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

தோட்டத்தில் 90 மீட்டர் நீளமுள்ள நேர்நிரை ஒன்றில், 9 மீட்டருக்கு ஒன்றாகச் செம்பனைக் கன்றுகள் நட வேண்டும். நிரையின் இரு முனைகளிலும் கன்று இருத்தல் வேண்டும். எத்தனை கன்றுகள் தேவை?

90-ஐ 9-ஆல் வகுத்துப் பத்து என்று கூறுவோர் பலர். ஆனால் பத்து என்பது கன்றுகளுக்கு இடையேயுள்ள இடைவெளிகளின் எண்ணிக்கையே. தொடக்கத்தில் நிற்கும் கன்றையும் சேர்த்தால் 11 கன்றுகள் தேவை. ஐயமுள்ளவர் ஒரு கையின் விரல்களை விரித்துப் பார்க்க. விரல்கள் ஐந்து; இடைவெளிகளோ நான்கு.

மற்றொன்று: 10 மீட்டர் ஆழமுள்ள வறண்ட கிணற்றின் அடியில் ஒரு நத்தை உள்ளது. அது பகலில் 3 மீட்டர் ஏறி, இரவில் 2 மீட்டர் சறுக்கிவிடுகின்றது. எத்தனையாவது நாளில் அது மேலே வந்து சேரும்?

ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் வீதம் பத்து நாள் என்பது அவசர விடை. ஏழு இரவுகள் கழிந்தபின் நத்தை 7 மீட்டர் உயரத்தில் இருக்கும். எட்டாம் நாள் பகலில் அது 3 மீட்டர் ஏறியதும் கிணற்றின் விளிம்பை அடைந்துவிடும். மேலே வந்தபின் அது சறுக்குவதில்லை. ஆதலின் எட்டாம் நாள் என்பதே சரியான விடை. "அன்றாடம்" என்பதற்கும் "இறுதி நாள்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டவரே இதில் வெல்வர்.

எனவே வினாவை ஒருமுறை வாசித்தல் போதாது. முதன்முறை கதையை அறியவும், இரண்டாம் முறை தரப்பட்ட செய்திகளைக் கோடிடவும், மூன்றாம் முறை கேட்கப்பட்டது யாது என்பதை உறுதி செய்யவும் வாசித்தல் வேண்டும். தாய்மொழியைப் பிழையற வாசிக்கும் பிள்ளை கணக்கிலும் முன்னிற்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் படி: ஒழுங்காக எழுதிப் பார்த்தல்

புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆகிய மூன்றையும் ஓடத்தில் ஏற்றி ஆற்றைக் கடக்க வேண்டிய மனிதனின் கதையை உங்கள் பாட்டிமார் கூறக் கேட்டிருப்பீர்கள். ஓடத்தில் அவனோடு ஒன்றை மட்டுமே ஏற்றலாம். அவன் இல்லாத இடத்தில் புலி ஆட்டைத் தின்றுவிடும். ஆடு புல்லைத் தின்றுவிடும். மூன்றையும் அக்கரை சேர்ப்பது எவ்வாறு?

இதே புதிர் ஐரோப்பாவிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றது. கி.பி. 804-இல் மறைந்த ஆல்குயின் என்னும் ஆங்கிலேய அறிஞர் தொகுத்ததாகக் கருதப்படும் இலத்தீன் மொழிப் புதிர்த் தொகுப்பில், ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று இப்புதிர் இடம்பெற்றுள்ளது. அத்தொகுப்பின் பெயரே இளைஞரின் அறிவைக் கூர்மையாக்கும் கணக்குகள் என்னும் பொருளுடையது.

இதனை மனத்திலேயே செய்ய முயல்வோர் குழம்புவர். தாளில் இரு கரைகளையும் வரைந்து, ஒவ்வொரு பயணத்தையும் வரிசையாக எழுதுங்கள்.

1. ஆட்டை அக்கரை கொண்டு செல்க.
2. தனியே திரும்புக.
3. புலியை அக்கரை கொண்டு செல்க.
4. ஆட்டை இக்கரைக்குத் திருப்பிக் கொணர்க.
5. புல்லுக்கட்டை அக்கரை கொண்டு செல்க.
6. தனியே திரும்புக.
7. ஆட்டை அக்கரை கொண்டு செல்க.

இதில் உயிர்நிலையாக உள்ளது நான்காம் பயணம். அக்கரை சேர்த்த ஆட்டையே மீண்டும் இக்கரைக்குக் கொணர வேண்டும் என்பது பலர்க்கும் தோன்றுவதில்லை. முன்னேறியதை விட்டுப் பின்வாங்குவது தோல்வி என்று மனம் எண்ணுவதே அதற்குக் காரணம். ஓரடி பின்வைப்பது சில வேளைகளில் வழியின் ஒரு பகுதியே என்பதை இப்புதிர் உணர்த்துகின்றது. ஓராண்டு பின்தங்கிய பிள்ளையையும், அவனைப் பெற்றவரையும் தேற்றுவதற்கு இதனினும் நல்ல கதை வேண்டுவதில்லை.

மூன்றாம் படி: பொருந்தாதவற்றை நீக்குதல்

வகுப்பறையில் பூச்சட்டி ஒன்று உடைந்துவிட்டது. முத்து, வேலு, கண்ணன் ஆகிய மூவருள் ஒருவனே அதனை உடைத்தவன். ஆசிரியர் வினவியபோது அவர்கள் பின்வருமாறு கூறினர்.

முத்து: "உடைத்தவன் வேலு, ஐயா."
வேலு: "முத்து சொல்வது பொய், ஐயா."
கண்ணன்: "நான் உடைக்கவில்லை, ஐயா."

மூவருள் ஒருவன் கூற்று மட்டுமே மெய். உடைத்தவன் யார்?

முத்துவின் கூற்றும் வேலுவின் கூற்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. முத்து கூறியது மெய்யானால் வேலு கூறியது பொய். முத்து கூறியது பொய்யானால் வேலு கூறியது மெய். எனவே அவ்விருவருள் ஒருவன் மெய்யுரைத்தவன் என்பது உறுதி. மெய்யுரைத்தவன் ஒருவனே என்று முன்னரே அறிந்தோம். ஆகவே கண்ணன் மெய்யுரைத்திருக்க இயலாது. "நான் உடைக்கவில்லை" என்பது பொய்யானால், உடைத்தவன் கண்ணனே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேலுவின்மேல் பழி சுமத்தப்பட்டது. முதலில் பேசியவன் சொல்லை நம்பி ஆசிரியர் பிரம்பை எடுத்திருந்தால், குற்றமற்ற பிள்ளை அடிபட்டிருப்பான். நிதானமாக ஆராய்ந்ததால் நியாயம் நிலைத்தது. தருக்க அறிவு என்பது தேர்வுக்கு மட்டும் உரிய பொருளன்று. பிறர்க்குத் தீங்கு செய்யாமல் நம்மைக் காப்பதும் அதுவே.

இதே முறையைப் பெரிய அளவில் பயன்படுத்தும் புதிர் ஒன்று நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரிலிருந்து உலகெங்கும் பரவியது. 2015ஆம் ஆண்டு, சிங்கப்பூர் மற்றும் ஆசியப் பள்ளிகளின் கணித ஒலிம்பியாட் போட்டியில் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு வைக்கப்பட்ட வினா அது. மேல் வகுப்பு மாணவர்கள் முயன்று பார்க்கலாம்.

செரில் என்னும் பெண் தன் பிறந்தநாள் பின்வரும் பத்து நாள்களுள் ஒன்று எனத் தன் நண்பர் இருவரிடம் கூறுகின்றாள்.

மே 15, மே 16, மே 19
ஜூன் 17, ஜூன் 18
ஜூலை 14, ஜூலை 16
ஆகஸ்டு 14, ஆகஸ்டு 15, ஆகஸ்டு 17

பின்னர் ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும், பெர்னார்டிடம் தேதியை மட்டும் தனித்தனியே கூறுகின்றாள். ஆல்பர்ட், "எனக்கு அந்நாள் தெரியாது, ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்" என்கின்றான். பெர்னார்ட், "முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது" என்கின்றான். உடனே ஆல்பர்ட், "அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது" என்கின்றான். செரிலின் பிறந்தநாள் எது?

தேதிகளுள் 18, 19 ஆகிய இரண்டும் ஒருமுறை மட்டுமே வருகின்றன. பெர்னார்டிடம் அவற்றுள் ஒன்று கூறப்பட்டிருந்தால் அவன் உடனே விடையை அறிந்திருப்பான். அவ்வாறு நிகழ்ந்திருக்காது என்று ஆல்பர்ட் உறுதியாகக் கூறுவதால், அவனிடம் கூறப்பட்ட மாதம் மேயும் அன்று, ஜூனும் அன்று. எஞ்சியவை ஜூலை 14, 16. ஆகஸ்டு 14, 15, 17. இதனைக் கேட்ட பெர்னார்ட் விடையை அறிந்துகொண்டான். அவனது தேதி 14 ஆக இருந்தால் ஜூலையா ஆகஸ்டா என்று அறிய இயலாது. ஆதலின் 14 நீங்குகின்றது. எஞ்சியவை ஜூலை 16, ஆகஸ்டு 15, ஆகஸ்டு 17. இப்போது ஆல்பர்ட்டும் அறிந்துகொண்டான் எனின், மாதம் ஆகஸ்டாக இருக்க இயலாது. ஏனெனில் அதில் இரு நாள்கள் உள்ளன. எனவே விடை ஜூலை 16.

"தெரியாது" என்னும் சொல்லிலிருந்தே விடை பிறந்த விந்தையைக் காணுங்கள். வகுப்பில் "தெரியாது ஐயா" என்று சொல்ல நாணும் பிள்ளைகள் இதனை நினைவில் கொள்க. எது தெரியாது என்பதைத் தெளிவாகச் சொல்வதும் அறிவின் ஒரு பகுதியாகும்.

நான்காம் படி: சிறியதில் தொடங்கிப் பொது விதி காணல்

1914ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த 'ஸ்டிராண்ட்' என்னும் மாத இதழில் ஒரு புதிர் வந்தது. ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு குறிப்பிட்ட வீட்டிற்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும், வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமமாக உள்ளன. வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அந்த வீட்டின் எண் யாது?

கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த மகாலனோபிஸ் இதனைத் தம் நண்பராகிய கணித மேதை இராமானுஜனிடம் வாசித்துக் காட்டினார். இராமானுஜன் அப்போது சமைத்துக்கொண்டிருந்தார். அடுப்பின் முன் நின்றபடியே அவர், இந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்றி இத்தன்மையுள்ள எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் விடையைக் கூறினார் என்பது மகாலனோபிஸ் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ள செய்தி.

இராமானுஜன் சென்ற வழி நமக்குப் பெரிது. ஆனால் அவ்வழியின் வாயிலில் நாமும் நிற்கலாம். தோட்டத்து லயத்தில் எட்டு வீடுகள் வரிசையாக இருப்பதாகக் கொள்ளுங்கள். ஆறாம் எண் வீட்டின் வாசலில் நில்லுங்கள். ஒரு புறம் 1+2+3+4+5=15. மறுபுறம் 7+8=15. இரண்டும் சமம்! எட்டு வீட்டு லயத்தில் ஆறாம் வீடே விடை. இதற்கு அடுத்து வருவது 49 வீடுகளில் 35ஆம் வீடு. அதற்கும் அடுத்தது 288 வீடுகளில் 204ஆம் வீடு. இதுவே அந்த இதழ் கேட்ட விடை.

நீண்ட எண்வரிசையைக் கூட்டுவதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. 1 முதல் 100 வரை கூட்ட வேண்டுமா? முதலும் கடையும் சேர்ந்தால் 101. இரண்டாவதும் கடைக்கு முந்தியதும் சேர்ந்தால் 101. இவ்வாறு 50 இணைகள். 50 × 101 = 5,050. ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ், சிறு வயதில் பள்ளியில் இவ்வழியே விடை கண்டார் என்று கூறுவர். இம்முறையைக் கொண்டு 35ஆம் வீட்டின் இரு புறமும் 595 வருவதை நீங்களே சரிபாருங்கள்.

இன்னொரு செய்தி. மகாராஷ்டிர மாநிலத்துத் தேவலாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் கப்ரேகர் (1905–1986). அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர்; எண்களோடு விளையாடுவதில் இன்பம் கண்ட எளிய ஆசிரியர். 1949ஆம் ஆண்டில் அவர் கண்ட விந்தையைக் கேளுங்கள். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண் ஒன்றை எடுங்கள். அதன் இலக்கங்களைக் கொண்டு மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் அமைத்துக் கழியுங்கள். வந்த விடையைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்யுங்கள்.

3524 என்று தொடங்குவோம்.
5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174
7641 − 1467 = 6174

6174 வந்தபின் அது மாறுவதில்லை. எந்த எண்ணில் தொடங்கினும் ஏழு படிகளுக்குள் 6174 வந்தே தீரும். கழித்தல் மட்டும் தெரிந்த பிள்ளை இதனைச் செய்து பார்க்கலாம். உலகறிந்த இக்கண்டுபிடிப்புக்கு ஒரு பள்ளி ஆசிரியரின் கையில் இருந்தவை தாளும் எழுதுகோலும் பொறுமையும்தாம்.

'முடியவில்லை' என்பதும் 'முடியாது' என்பதும்

அந்நாளில் கோனிஸ்பெர்க் என்று வழங்கியதும் இன்று ருஷ்யாவில் கலினின்கிராட் என்று வழங்குவதுமான நகரத்தின் ஊடே ஓர் ஆறு ஓடுகின்றது. 18ஆம் நூற்றாண்டில் அதன் இரு கரைகளையும் இரு நிலத்திட்டுகளையும் ஏழு பாலங்கள் இணைத்திருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒருமுறை மட்டுமே கடந்து, ஏழு பாலங்களையும் சுற்றிவர இயலுமா என்று அந்நகர மக்கள் முயன்று பார்த்தனர். எவராலும் இயலவில்லை.

1735ஆம் ஆண்டு ஆய்லர் என்னும் கணித அறிஞர் இதற்கு விடை கண்டார். ஒரு நிலப்பகுதிக்குள் ஒரு பாலத்தால் நுழைந்தால், வேறொரு பாலத்தால் வெளியேற வேண்டும். எனவே இடையில் வரும் ஒவ்வொரு பகுதியிலும் பாலங்கள் இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் மட்டுமே ஒற்றைப்படைப் பாலங்களைக் கொண்டிருக்கலாம். அந்நகரிலோ நான்கு பகுதிகளிலும் பாலங்கள் ஒற்றைப்படை: ஒன்றில் ஐந்து, மற்ற மூன்றில் மும்மூன்று. ஆகவே அவ்வாறு சுற்றிவருதல் எவராலும் இயலாது.

"என்னால் முடியவில்லை" என்பது முயன்றவன் களைப்பில் கூறும் சொல். "எவராலும் முடியாது" என்பது காரணம் காட்டி நிறுவ வேண்டிய முடிவு. நம் பிள்ளைகளுள் சிலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுகின்றனர். "எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு பிள்ளை கூறும்போது, அதற்குரிய நிறுவலைக் காட்டு என்று கேளுங்கள். அப்படியொரு நிறுவல் உலகில் எங்கும் இல்லை.

ஏமாறாதிருக்க ஒரு பாடம்

இனிப் பெற்றோர்களும் கவனிக்க வேண்டிய பகுதி.

நண்பர் மூவர் ஆளுக்கு 10 ரிங்கிட் போட்டு, 30 ரிங்கிட்டுக்கு ஒரு பந்து வாங்கினர். பந்தின் விலை 25 ரிங்கிட்தான் என்று உணர்ந்த கடைக்காரர், 5 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுக்குமாறு பணியாளிடம் தந்தார். பணியாளோ 2 ரிங்கிட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு ரிங்கிட் வீதம் கொடுத்தான். எனவே ஒவ்வொருவரும் கொடுத்தது 9 ரிங்கிட். மூவரும் கொடுத்தது 27 ரிங்கிட். பணியாளிடம் உள்ளது 2 ரிங்கிட். ஆக மொத்தம் 29. எஞ்சிய ஒரு ரிங்கிட் எங்கே?

ஒரு ரிங்கிட்டும் மறையவில்லை. கணக்குக் கூறியவனே நம் கண்ணை மறைத்தான். மூவரும் கொடுத்த 27 ரிங்கிட்டில் 25 கடைக்காரரிடமும் 2 பணியாளிடமும் உள்ளன. அந்த 2 ஏற்கெனவே 27-க்குள் அடங்கியிருக்க, அதனை மீண்டும் கூட்டுதல் தவறு. 27-உடன் கூட்ட வேண்டியது, திரும்பக் கிடைத்த 3 ரிங்கிட்டையே. 27 + 3 = 30. கணக்கு நேராகிவிட்டது.

இது விளையாட்டுக் கணக்கு. ஆனால் இதே வகையில் பின்னப்பட்ட பேச்சோடு, விரைவில் பணம் பெருகும் என்று ஆசை காட்டுவோர் நம் குடியிருப்புகளுக்கும் வருகின்றனர். இப்போது கைப்பேசி வழியாகவும் வருகின்றனர். "நீங்கள் ஆறு பேரைச் சேர்த்தால் போதும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பர், பணம் தானே வரும்" என்பர். பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து ஆறால் பெருக்கச் சொல்லுங்கள்.

6, 36, 216, 1,296, 7,776, 46,656, 279,936, 1,679,616, 10,077,696, 60,466,176.

பத்தாம் அடுக்கில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வேண்டும். மலேசியாவின் மக்கள்தொகையோ ஏறத்தாழ மூன்றரைக் கோடி. நாடு முழுவதும் சேர்ந்தாலும் பத்தாம் அடுக்கு நிரம்பாது. மேலும், அத்திட்டம் எந்த அடுக்கில் நின்றாலும், கடைசி அடுக்கில் இருப்போர் தொகை அவர்க்கு மேலுள்ள அனைவரின் தொகையைப் போல் ஐந்து மடங்குக்கும் கூடுதலாக இருக்கும். சேர்ந்த ஆறு பேரில் ஐவர் பணம் கட்டி ஒன்றும் பெறாதவராவர் என்பதே இதன் பொருள். நான்காம் ஆண்டு மாணவன் செய்யக்கூடிய பெருக்கல் இது. அதனைச் செய்து பாராமல் சேமிப்பை இழந்த குடும்பங்கள் பல.

நம் பாட்டன்மாருள் பலர் கைநாட்டு வைத்துச் சம்பளம் பெற்றனர். ஏட்டில் எழுதியது சரியா என்று வினவ அவர்களுக்குக் கல்வி வாய்க்கவில்லை. நமக்கு அது வாய்த்துள்ளது. வினவாமல் இருப்பதற்கு இன்று காரணம் ஏதுமில்லை.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

ஆறாம் ஆண்டு மாணவர்க்குரிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. "தேர்வே இல்லையே, இனிப் பிள்ளை எதற்காகப் படிப்பது?" என்று வினவும் பெற்றோர் உளர். தேர்வு அகன்றாலும் வாழ்க்கை வைக்கும் வினாக்கள் அகலவில்லை. அவற்றிற்கு மாதிரி வினாத்தாள் கிடையாது. வழியும் முன்னரே காட்டப்படுவதில்லை. அவை யாவும் புதிர்க் கணக்குகளே.

புதிருக்குப் பணம் செலவில்லை. கூழாங்கற்கள், பல்லாங்குழி, மண்ணில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டம் இவையே போதும். இரவு உணவிற்குப் பின் ஒரு புதிர் போடுங்கள். விடையை உடனே கூறிவிடாதீர்கள். பிள்ளை தவறாகக் கூறினால் சிரிக்காமல், "எப்படி இந்த விடை வந்தது?" என்று கேளுங்கள். தன் வழியைத் தானே எடுத்துரைக்கும்போது பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும். சரியான விடை கூறினாலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

பயிற்சிக்கு ஆறு புதிர்கள்

1. தோற்றத்தில் ஒன்றுபோல் உள்ள ஒன்பது நாணயங்களுள் ஒன்று மட்டும் எடை குறைந்தது. தராசில் இரண்டே முறை நிறுத்து அதனைக் கண்டறிக.

2. மூன்று பெட்டிகள். ஒன்றில் ரம்புத்தான், ஒன்றில் மங்குஸ்தீன், ஒன்றில் இரண்டும் கலந்துள்ளன. மூன்றிலும் பெயர்ச்சீட்டுகள் தவறாக ஒட்டப்பட்டுள்ளன. ஒரு பெட்டியிலிருந்து ஒரே ஒரு பழத்தை எடுத்துப் பார்த்து மூன்றையும் சரியாகக் கூறுக.

3. உங்களிடம் 3 லிட்டர் வாளி ஒன்றும் 5 லிட்டர் வாளி ஒன்றும் உள்ளன. அவற்றைக் கொண்டு சரியாக 4 லிட்டர் நீர் அளந்து தருக.

4. தந்தைக்கு வயது 36. மகனுக்கு வயது 8. எத்தனை ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மும்மடங்காகும்?

5. கொட்டகையில் ஆடுகளும் கோழிகளும் உள்ளன. தலைகள் 20, கால்கள் 56. ஆடுகள் எத்தனை? கோழிகள் எத்தனை?

6. ஒன்பது கட்டங்களில் 1 முதல் 9 வரையுள்ள எண்களை, இடமும் வலமும் மேலும் கீழும் மூலைக்கு மூலையும் கூட்டினால் 15 வருமாறு அமைக்க.

விடைகளைக் கீழே தந்துள்ளோம். குறைந்தது மூன்று நாள் முயன்றபின் பார்ப்பவர்க்கே அவை பயன் தரும். முயன்று பெற்ற விடை என்றும் நினைவில் நிற்கும். பார்த்தெழுதிய விடை அன்றே மறந்துபோம்.

விடைகள்

1. மூன்று மூன்றாகப் பிரித்து, இரு பிரிவுகளைத் தராசில் இடுக. ஒரு தட்டு உயர்ந்தால் அப்பிரிவிலும், சமமாக நின்றால் எஞ்சிய பிரிவிலும் அந்நாணயம் உள்ளது. அம்மூன்றுள் இரண்டை நிறுத்து அவ்வாறே முடிவு செய்க.

2. 'கலந்தது' என்று ஒட்டிய பெட்டியிலிருந்து எடுக்க. சீட்டுத் தவறாதலின் அதில் ஒரு வகைப் பழமே இருக்கும். கையில் வந்தது ரம்புத்தான் எனின் அது ரம்புத்தான் பெட்டி. அப்போது 'மங்குஸ்தீன்' என்று ஒட்டிய பெட்டியில் கலந்தவையும், 'ரம்புத்தான்' என்று ஒட்டிய பெட்டியில் மங்குஸ்தீனும் இருக்கும். கையில் வந்தது மங்குஸ்தீன் எனினும் இவ்வாறே ஆராய்க.

3. 5 லிட்டர் வாளியை நிரப்பி, அதிலிருந்து 3 லிட்டர் வாளியை நிரப்புக. எஞ்சுவது 2 லிட்டர். 3 லிட்டர் வாளியைக் காலி செய்து, அந்த 2 லிட்டரை அதில் ஊற்றுக. மீண்டும் 5 லிட்டர் வாளியை நிரப்பி, மற்றதில் குறையும் 1 லிட்டரை ஊற்றினால், பெரிய வாளியில் 4 லிட்டர் நிற்கும்.

4. ஆறு ஆண்டுகள் கழித்து. அப்போது தந்தைக்கு 42, மகனுக்கு 14.

5. ஆடுகள் 8, கோழிகள் 12. இருபதும் கோழி எனின் கால்கள் 40. மிகுந்த 16 கால்களை ஆட்டிற்கு இரண்டு வீதம் பகிர்ந்தால் எட்டு ஆடுகள்.

6. முதல் வரிசை 2, 7, 6. இரண்டாம் வரிசை 9, 5, 1. மூன்றாம் வரிசை 4, 3, 8. இவ்வடுக்கைத் திருப்பியும் புரட்டியும் எழுதிய வேறு அமைப்புகளும் சரியே.

இவற்றைப் போல் நீங்களே ஒரு புதிரை ஆக்கி, விடையைத் தனித்தாளில் எழுதி, உங்கள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பிறர் போட்ட புதிரை அவிழ்ப்பவன் நல்ல மாணவன். தானே ஒரு புதிரைப் போடுபவன் சிந்திக்கத் தொடங்கிவிட்டவன். உங்கள் சிந்தனை வளர்க! கல்வி சிறக்க!